ஜோதியைச் சுமக்கும் சுரங்க விளக்கு: எட்டு மாதப் பழக்கத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது, ஒலிம்பிக் ஜோதியை விமானத்திலும் கப்பலிலும் ஊர்தியிலும் கொண்டுசெல்லப் பயன்படும் சுரங்கப் பாதுகாப்பு விளக்கின் அமைப்பை அப்படியே பின்பற்றி, சேகரிப்பாளர்களுக்கென்று செய்து விற்கப்படும் ஒரு விளக்கு. பித்தளையும் எஃகும் சேர்ந்த உடல், ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரம், எரிபொருளுடன் ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடை, உச்சியில் கைக்கு அடக்கமான ஒரு கொக்கி. என்னிடம் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அந்த எட்டு மாதங்களில் அதை அலமாரியில் நிறுத்திப் பார்த்த நாள்களைவிட ஏற்றி வைத்துப் பார்த்த நாள்களே அதிகம். இத்தகைய விளக்கை எடைபோட ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு என்பது என் உறுதியான கருத்து: தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட சுடரை அது அணையாமல் வைத்திருக்கிறதா? பளபளப்பும் செதுக்கலும் பெட்டியின் அழகும் அந்தக் கேள்விக்குப் பின்னால் வர வேண்டியவை.

ஜோதி ஓட்டத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோருடைய கண்ணும் தீப்பந்தத்தின் மீதே இருக்கும். அது குன்றின் மேலிட்ட விளக்கு. ஆனால் ஒரு பந்தத்தில் அடைத்துள்ள வாயு சில நிமிடங்களுக்கு மட்டுமே போதுமானது. ஓடுகிறவர் மாறும்போது பந்தமும் மாறுகிறது, சுடர் மட்டுமே கைமாறுகிறது. இரவில் ஓட்டம் நின்ற பிறகும், கடல் குறுக்கிட்ட இடங்களிலும், மழையில் பந்தம் அணைந்துபோன தருணங்களிலும் ஒலிம்பியாவில் ஹீரா கோயிலின் முன் குழியாடியால் சூரிய ஒளியைக் குவித்து ஏற்றிய அந்த நெருப்பைக் காத்து நிற்பது குடத்துள் வைத்த விளக்குப்போலக் கூடவே வரும் இந்தச் சிறிய பாதுகாப்பு விளக்குதான். அதனால்தான் எத்தனையோ பேர் பந்தங்களைத் தேடிச் சேகரிக்கும்போது நான் விளக்குகளைத் தேடிப் போனேன்.

ஒலிம்பிக் அரங்கில் சுடர் எரியத் தொடங்கியது 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில். ஒலிம்பியாவிலிருந்து ஓட்டமாக அதைக் கொண்டுவரும் வழக்கம் 1936ஆம் ஆண்டு பெர்லினில் ஏற்பட்டது. கால்நடையாகவே கொண்டுவர முடிந்தவரை பந்தமே போதுமானதாக இருந்தது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி போட்டிக்காகச் சுடரை ஏதென்சிலிருந்து டென்மார்க்கின் ஆல்போர்க் நகருக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டிய தேவை எழுந்தபோது, அதைச் சுரங்கத் தொழிலாளரின் விளக்கில் வைத்தார்கள். 1956இல் மெல்பர்ன் போட்டிக்காகச் சுடர் ஏதென்சிலிருந்து டார்வின் வரை பறந்ததும் அப்படித்தான். கெய்ன்சில் ஓட்டம் தொடங்கும்வரை அதன் இருப்பிடம் விளக்கின் கண்ணாடிக்குள்தான். 2012ஆம் ஆண்டு மே 18 அன்று ஏதென்சிலிருந்து கார்ன்வாலின் கல்ட்ரோஸ் கடற்படை விமானத் தளத்துக்கு வந்த பொன்னிற விமானத்தில், பயணிகளுக்கு உரிய இருக்கையில் விளக்குகளை நிறுத்தி வாரால் கட்டியிருந்தார்கள். எரிகிற நெருப்பைப் பயணிகள் அறையில் ஏற்றிக்கொள்ள ஒரு விமான நிறுவனம் ஒப்புக்கொள்கிறது என்றால், அந்த ஒப்புதலைப் பெற்றுத் தருவது விளக்கின் அமைப்பே.

அந்த அமைப்பு விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. 1812ஆம் ஆண்டு மே 25 அன்று வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தார்கள். நிலக்கரி அடுக்குகளிலிருந்து கசியும் மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு திறந்த சுடர் பட்டாலே வெடிக்கும். ஆனால் சுடரின்றி அந்த இருட்டில் வேலை செய்யவும் முடியாது. இந்தச் சிக்கலுக்கு வில்லியம் ரீட் கிளானி, ஜார்ஜ் ஸ்டீவன்சன், ஹம்ப்ரி டேவி ஆகிய மூவரும் தனித்தனியே விடை தேடினார்கள். டேவி 1815ஆம் ஆண்டின் இறுதியில் கண்டறிந்த விடை மிக எளியது: சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. வலையின் கண்கள் வழியே காற்று தாராளமாகப் போய்வரும். ஆனால் உள்ளே எரியும் வாயுவின் வெப்பத்தை உலோகக் கம்பிகள் வாங்கிப் பரப்பிவிடுவதால், வெளியே இருக்கும் வாயு தீப்பற்றும் அளவுக்குச் சூடேறுவதில்லை. டேவி அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பல்லாயிரம் பேரின் உயிரைத் தொட்ட ஒரு பொருளை அவர் எல்லோருக்குமாக விட்டுவைத்தார் என்பதை, என் விளக்கின் வலையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே, இவ்வகை விளக்கை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வலையைத்தான். மரபான அளவு ஓர் அங்குலத்துக்கு 28 கம்பி, அதாவது ஒரு சதுர அங்குலத்தில் 784 கண்கள். நான் பூதக் கண்ணாடியும் அளவுகோலும் வைத்துக்கொண்டு மூன்று இடங்களில் எண்ணினேன். என் விளக்கின் வலை எல்லா இடத்திலும் அந்தக் கணக்கில் நின்றது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலைகள் இருக்கின்றன. பிரான்சைச் சேர்ந்த மார்சோ வகுத்த முறை அது. வலைகளுக்கு மேலே காற்றுத் துளைகளுடன் ஓர் எஃகுக் கவசம் மூடுகிறது. டேவியின் முதல் விளக்குகள் அமைதியான காற்றில் பாதுகாப்பாக இருந்தாலும், சுரங்கத்தில் காற்றோட்டம் வேகமானபோது சுடர் வலையைத் தாண்டி வெளியே தள்ளப்படும் ஆபத்து இருந்தது. கவசம் பிறந்தது அதற்காக. வெடிப்பைத் தடுக்க வந்த அந்தக் கவசமே பிற்காலத்தில் ஜோதிக்குக் காற்றுக் காப்பாகவும் ஆனது.

இங்கே என் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விளக்குக்கு முன்பு, "ஜோதி விளக்கு" என்ற பெயரில் விற்கப்பட்ட வேறொன்றை வாங்கியிருந்தேன். தோற்றத்தில் இதைவிட அது அழகானது. ஆனால் வலை இருக்க வேண்டிய இடத்தில் துளையிட்ட தகடு இருந்தது. அந்தத் தகட்டின்மீதும் மினுமினுப்புக்காகப் பூச்சு பூசியிருந்ததால், துளைகளில் பாதி அடைபட்டிருந்தன. ஏற்றிய இருபதாவது நிமிடத்தில் சுடர் சிவந்து, சுருங்கி, புகைந்து அணைந்தது. பூச்சு கருகிய வாடை அறையில் மறுநாள்வரை இருந்தது. விற்றவரிடம் கேட்டபோது, அது பார்வைக்கு வைப்பதற்கென்றே செய்யப்பட்டது என்று விடை வந்தது. விற்கும்போது அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். எரியாத விளக்கை விளக்கு என்று அழைப்பதே தவறு என்று நினைக்கிறவன் நான். அதிலும், ஒரு சுடரின் பெயரைச் சொல்லி விற்கப்படும் விளக்கு எரியாமல் இருப்பது பெருங்குறை.

இந்த விளக்கு எரிகிறது, நன்றாகவும் எரிகிறது. எரிபொருள் கலத்துக்குள் பஞ்சு அடைத்திருக்கிறார்கள். எரிபொருளை ஊற்றிப் பஞ்சு உறிஞ்சும்வரை காத்திருந்து, உறிஞ்சாமல் மிஞ்சியதைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். பஞ்சில் ஊறியது மட்டுமே எரிவதால், விளக்கு சாய்ந்தாலும் எதுவும் சிந்துவதில்லை. ஆட்டம் காணும் வண்டியிலும் விமானத்திலும் இதை நம்பி எடுத்துச் செல்வதற்கு வலைக்கு அடுத்த காரணம் இதுதான். செய்தவர்கள் பரிந்துரைப்பது மெல்லிய பெட்ரோலிய நாப்தா. முதல் வாரத்தில் நான் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்துக் கண்ணாடி முழுவதும் கரி படிந்து, பஞ்சையும் திரியையும் மாற்ற நேர்ந்தது. எரிபொருள் வகையில் அவர்கள் சொன்னதை மீறாதீர்கள். நாப்தா எளிதில் ஆவியாகித் தீப்பற்றக்கூடியது. அதை வெளியில், வேறு எந்த நெருப்பும் அருகில் இல்லாதபோது மட்டுமே நிரப்ப வேண்டும், வெளிப்புறத்தில் வழிந்ததைத் துடைத்து உலரவிட்ட பின்பே ஏற்ற வேண்டும். வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலை ஒருபோதும் இதில் ஊற்றக் கூடாது.

ஒருமுறை நிரப்பினால், திரியைத் தாழ்த்தி வைத்த நிலையில், என்னிடம் பதினான்கு மணி நேரம் எரிந்தது. சுடரை உயர்த்தி வைத்தால் பத்து மணி நேரம். மின்விசிறியை ஒரு முழத் தொலைவில் முழு வேகத்தில் சுழலவிட்டேன். சுடர் நடுங்கியது, அணையவில்லை. கொக்கியில் விரலை மாட்டிக்கொண்டு மெதுவோட்டமாக ஓடினேன், அப்போதும் நின்றது. சாரல் மழையில் அரை மணி நேரம் நிறுத்தினேன். கவசத்தின் மேல் விழுந்த துளிகள் ஆவியாகிக்கொண்டே இருந்தன, சுடருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், கீழே வைத்திருந்த விளக்கை வெடுக்கென்று மேலே தூக்கினால் அணைந்துவிடுகிறது. நான்கு முறை முயன்றதில் மூன்று முறை அணைந்தது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். சுரங்கத்தில் வேலை செய்தவர்களும் தங்கள் விளக்கை அதிர்வில்லாமல் தூக்கி வைக்கப் பழகியவர்களே. எவ்வளவு நல்ல விளக்காக இருந்தாலும் அதை ஏந்தும் கை பதறக் கூடாது.

அணைந்தால் என்ன செய்வது என்பது, இந்த விளக்கைப் பொறுத்தவரை வெறும் தொழில்நுட்பக் கேள்வி அன்று. ஜெர்மனியின் வோல்ஃப் விளக்குகள் முதலே, விளக்கைத் திறக்காமல் உள்ளிருந்தே மறுபடி ஏற்றுவதற்கான சிறு பொறி இவ்வகையில் உண்டு. என் விளக்கிலும் அடியில் ஒரு குமிழைத் திருகினால் உள்ளே தீக்கல் உரசித் திரி பற்றிக்கொள்கிறது. இருட்டில் வெடிவாயுவுக்கு நடுவே நிற்கும் தொழிலாளிக்கு அது உயிர்காக்கும் வசதி. ஆனால் தீக்கல்லில் பிறந்த சுடர் ஒலிம்பியாவில் பிறந்த சுடர் ஆகாது. 1976இல் மாண்ட்ரியலில் மழையால் அரங்கின் பெரிய கொப்பரையில் எரிந்த சுடர் அணைந்தபோது, ஒருவர் சிகரெட் லைட்டரால் அதை ஏற்றிவிட்டார். பின்னர் அதை அணைத்துவிட்டு, காத்து வைத்திருந்த மூலச் சுடரிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். 2013ஆம் ஆண்டு அக்டோபரில் மாஸ்கோவின் கிரெம்ளினில் பந்தம் அணைந்து லைட்டரால் ஏற்றப்பட்டபோதும் அதே கேள்வி எழுந்தது. பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்கும் ஒரு விளக்கு இருந்தால் மட்டுமே அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் விளக்கின் தீக்கல் பொறியை நான் கழற்றித் தனியே வைத்துவிட்டேன். கழற்றும்படி அதை அமைத்திருப்பதைச் செய்தவர்களின் நல்ல சிந்தனையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று ஒலிம்பியாவில் மேகம் மூடியிருந்ததால் சூரிய ஒளியில் சுடர் ஏற்ற முடியவில்லை. முன்பே ஒத்திகையில் ஏற்றிக் காத்திருந்த சுடரைத்தான் பந்தத்துக்குக் கொடுத்தார்கள். பெலெம் என்ற முப்பாய்மரக் கப்பலில் அது மத்தியதரைக் கடலைக் கடந்து மே 8 அன்று மார்செய் வந்து சேர்ந்தது. பாரிசின் துய்லரி தோட்டத்தில் மேலெழுந்து மிதந்த கொப்பரையில் நெருப்பே இல்லை. ஒளியும் நீர்த்துளிப் புகையும் சேர்ந்து நெருப்பின் தோற்றத்தைத் தந்தன. உண்மையான சுடர் அதன் அருகில் ஒரு விளக்கில் இருந்தது. நிறைவு விழாவன்று நீச்சல் வீரர் லியோன் மார்ஷான் அங்கிருந்து எடுத்துச் சென்றதும் பந்தமன்று, விளக்குதான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டத்தின் பின்னால் வந்துகொண்டிருந்த விளக்கு அன்று எல்லோர் கண்முன்னும் நடந்து வந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

விளக்கின் குறைகளுக்கு வருகிறேன். கண்ணாடி உருளை தடிமனானது, குமிழிகள் அற்றது, வெப்பத்தைத் தாங்குகிறது. ஆனால் அதன் மேலும் கீழும் பொருத்தியுள்ள வாஷர்கள் மெல்லியவை. ஐந்தாம் மாதத்தில் கீழ் வாஷர் இறுகிச் சுருங்கி, கண்ணாடி மயிரிழை அளவுக்கு ஆடத் தொடங்கியது. காற்று தவறான வழியில் உள்ளே வந்ததால் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. மாற்று வாஷர் கேட்டு எழுதிய மடலுக்கு விடை வர ஆறு வாரம் ஆயிற்று. ஒரு காசு எடைகூட இல்லாத பொருளுக்காக ஒரு விளக்கு ஆறு வாரம் இருண்டு கிடப்பது நியாயமில்லை. இரண்டு வாஷர்களைப் பெட்டியிலேயே வைத்துத் தந்தால் என்ன? திரியை உயர்த்தித் தாழ்த்தும் குமிழும் சூடேறிய பிறகு விரலைச் சுடுகிறது. பூட்டு வெறும் திருகுப் பூட்டு. தொழிலாளி சுரங்கத்துக்குள் விளக்கைத் திறந்துவிடாதபடி வலிய காந்தத்தால் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு பழைய விளக்குகளில் இருந்தது. அதை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை, ஏனென்றால் சுடரை விளக்கிலிருந்து பந்தத்துக்கு மாற்ற அடிக்கலத்தைத் திருகிக் கழற்றி, மெல்லிய மெழுகுத் திரியில் நெருப்பைத் தொட்டு எடுக்க வேண்டும். அடிக்கடி மாற்றுகிறவருக்குத் திருகுப் பூட்டே தோது.

பித்தளை வேலையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. சுத்தமாகச் செய்திருக்கிறார்கள், மரைகள் சிக்காமல் ஏறுகின்றன, தூண்கள் நேராக நிற்கின்றன.

இதற்கு மாற்றாகச் சுரங்கத்தில் உண்மையிலேயே உழைத்த பழைய விளக்கை வாங்கலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இங்கிலாந்தின் எக்கிள்சில் செய்யப்பட்ட புரொடெக்டர் விளக்குகளும் ஜெர்மனியின் வோல்ஃப் விளக்குகளும் இன்றும் சேகரிப்பாளர்களிடையே கைமாறுகின்றன. அவற்றின் கட்டுமானத்துக்கு முன் புதிய விளக்குகள் நிற்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழையதை வாங்கினால் அதில் பொறித்துள்ள எண்ணைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள்: பணிக்கு இறங்கும்போது ஒரு தொழிலாளி தன் அடையாள வில்லையைக் கொடுத்துப் பெற்றுக்கொண்ட விளக்கின் எண் அது, மாலையில் அந்த விளக்கு திரும்பவில்லை என்றால் ஓர் ஆள் திரும்பவில்லை என்று பொருள். ஆனால் பழைய விளக்குகள் பலவற்றில் கண்ணாடியின் வாஷர் கல்நாரால் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆனது. அதைச் சுரண்டினாலோ உலர்ந்த நிலையில் பிய்த்து எடுத்தாலோ நுரையீரலுக்குக் கேடு தரும் இழைகள் காற்றில் பரவும். கல்நாரைக் கையாளத் தெரிந்தவர் மாற்றித் தரும்வரை அதை ஏற்றாமல் வைத்திருப்பதே நல்லது. புதிய விளக்கின் பக்கம் என் தராசு சாய்ந்ததற்கு இது முக்கியமான காரணம்.

விற்பனை விளம்பரங்களின் சொற்களையும் கவனமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். "ஜோதியைச் சுமந்த விளக்கு", "ஜோதியைச் சுமக்கும் வகையைச் சேர்ந்த விளக்கு", "ஜோதி ஓட்டத்தின் நினைவாகச் செய்த விளக்கு" ஆகிய மூன்றும் மூன்று வேறு பொருள்கள். அவற்றின் மதிப்பும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு கொண்டது. உண்மையிலேயே ஓட்டத்தில் சென்ற விளக்குகள் மிகச் சில. அப்படிப்பட்ட ஒன்று என்று சொல்லி விற்பவர், எந்த ஆண்டு, எந்தப் பகுதிப் பயணம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை எழுத்தில் தர வேண்டும். விளக்கின் எண்ணும் அந்த ஆவணத்தின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். ஐந்து வளையச் சின்னம் பொறித்திருப்பது எதற்கும் சான்றாகாது. 1981ஆம் ஆண்டு நைரோபி உடன்படிக்கை முதலாகவே பாதுகாக்கப்பட்டுவரும் சின்னம் அது. உரிமம் பெறாமல் பொறித்திருந்தால் அதுவே பொருளின் நேர்மையை ஐயுறுவதற்குக் காரணம். நான் வாங்கிய விளக்கில் வளையங்கள் இல்லை. அது எந்த ஓட்டத்திலும் சென்றதில்லை என்று செய்தவர்களே தாளில் அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காக அவர்கள்மீது எனக்கு மதிப்பு கூடியது.

எரிகிற விளக்கை மூடிய சிறிய அறையில் விட்டுவிட்டு உறங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுடர் நம்மோடு சேர்ந்து அதே உயிர்வளியை (ஆக்சிஜனை) உண்கிறது. காற்றில் உயிர்வளி 17 விழுக்காட்டை ஒட்டிக் குறையும்போது விளக்கு அணைந்துவிடும். சுரங்கத்தில் இந்தக் குணமே எச்சரிக்கை மணியாகப் பயன்பட்டது. மீத்தேன் இருந்தால் தாழ்த்திய சுடரின் மேல் வெளிர்நீலத் தொப்பிபோல ஓர் ஒளி தோன்றும் என்பதையும், அதன் உயரத்தைக் கொண்டு வாயுவின் அளவைக் கணித்தார்கள் என்பதையும் அறிந்த பிறகு, திரியைத் தாழ்த்தி அந்தச் சிறு சுடரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கடந்த மாதம் ஒரு சோதனை செய்தேன். குழியாடி ஒன்றால் பிற்பகல் வெயிலில் பஞ்சைப் பற்றவைத்து, அந்த நெருப்பை விளக்கில் வைத்து, எத்தனை நாள் காக்க முடிகிறது என்று பார்க்க விரும்பினேன். முதல் இரவு கடந்தது. மறுநாள் எரிபொருள் தீரும் நேரம் வந்தபோதுதான் சிக்கல் விளங்கியது: எரியும் விளக்கில் நாப்தா ஊற்ற முடியாது, அணைத்தால் சுடர் போய்விடும். மெழுகுவத்தி ஒன்றுக்குச் சுடரை மாற்றி, அதை அறையிலேயே விட்டு, விளக்கை வெளியே கொண்டுபோய் நிரப்பித் துடைத்து உலரவைத்துத் திரும்புவதற்குள், கதவிடுக்கில் வந்த காற்றில் மெழுகுவத்தி அணைந்திருந்தது. ஜோதியுடன் எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகள் பயணம் செய்வது எதற்காக என்று அப்போது புரிந்தது. வாஷர் தட்டுப்பாடு இருந்தும், விடை வரத் தாமதமானதை அறிந்திருந்தும், அதே விளக்கில் இன்னொன்று வேண்டும் என்று அன்றைக்கே எழுதி அனுப்பினேன். கூடவே நான்கு வாஷர்களும் கேட்டிருக்கிறேன்.